கத்தியும் குறிப்பேடும்

பள்ளியில் இருப்புப் பதிவேடு எழுதும் பணியைச் சலிப்பூட்டும் வேலையாகவே நம்மில் பலர் கருதுகிறோம். பொருள் கண்முன் இருக்கும்போது அதனைப் பற்றி எழுதி வைப்பானேன் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், பொருள் இருந்தும் அதனைப் பற்றிய குறிப்பு பிரிந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, சாவகம் என நம் முன்னோர் அழைத்த ஜாவாத் தீவின் வரலாறு ஒரு சான்று தருகிறது. அஃது ஓர் இளவரசரின் கெரிஸ் கத்தியைப் பற்றியது.

யோக்யகர்த்தா அரச குடும்பத்தில் பிறந்த டிப்போனெகோரோ, 1825 முதல் 1830 வரை டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர். பேச்சு நடத்த வந்த இடத்திலேயே, 1830ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், மாகெலாங்கில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். நாடு கடத்தப்பட்ட அவர் ஜாவாவுக்குத் திரும்பாமலே 1855இல் மக்காசாரில் மறைந்தார். அவருடைய கெரிஸ், கிளேரன்ஸ் என்னும் டச்சுப் படை அதிகாரி வழியாக 1831இல் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லெமைச் சென்றடைந்து, அரச அரும்பொருட் கூடத்தில் இடம்பெற்றது. 1883இல் அக்கூடம் கலைக்கப்பட்டபோது, அங்கிருந்த பொருள்கள் பல லைடன் நகர் அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டன.

கத்தி சென்றது; அதன் வரலாறு உடன் செல்லவில்லை. அங்கிருந்த பல கெரிஸ்களுள் டிப்போனெகோரோவுடையது எதுவென்று நூறாண்டுகளுக்கு மேலாக எவராலும் கூற இயலவில்லை. இறுதியில் ஆய்வாளர்க்குத் துணைநின்றவை பழைய எழுத்துகளே. 1831 ஜனவரியில் அரசு அலுவலகங்களுக்கிடையே எழுதப்பட்ட கடிதங்கள். கத்தி கிளேரன்ஸுக்கு அளிக்கப்பட்டதைத் தாம் கண்டதாக இளவரசரின் தளபதி செந்தோட் எழுதிய மடல். கத்தியின் பெயரையும் தோற்றத்தையும் விளக்கி ஓவியர் ரடேன் சாலே எழுதிய குறிப்பு ஆகியவை அவை. இவற்றைக் கொண்டு கத்தி அடையாளம் காணப்பட்டு, 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும், கத்தியின் வடிவம் அதன் பெயரோடு பொருந்தவில்லை என்று கெரிஸ் வல்லுநர் சிலர் அதன்பின்னும் ஐயம் எழுப்பினர். முழுமையான குறிப்பொன்று அன்றே எழுதப்பட்டு, கத்தியுடன் பிரியாமல் வந்திருப்பின் இந்த ஐயத்திற்கு இடம் இருந்திராது.

முழுமையான குறிப்பு என்பது யாது? அலகின் நீளம், அது நேரானதா வளைந்ததா, வளைவாயின் அவற்றின் எண்ணிக்கை, இரும்படுக்குகளில் தோன்றும் பாமோர் என்னும் கோலம், பிடி, உறை ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். கெரிஸின் வளைவுகள் மரபுப்படி ஒற்றைப்படையாகவே அமையும் என்பதால், எண்ணும்போது நேரும் பிழையும் எளிதில் புலப்படும். இவற்றினும் இன்றியமையாதவை, யாருடையது, யார் கொடுத்தார், எந்நாளில் வந்தது என்பவை. இரும்பை ஆராய்ந்து இவற்றை அறிய முடியாது. மலாயாவில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய கெரால்ட் கார்ட்னர், கெரிஸ்களைத் திரட்டியதோடு நில்லாமல், மலாய்ப் படைக்கலங்கள் பற்றி 1936இல் சிங்கப்பூரில் ஒரு நூலையும் வெளியிட்டார். திரட்டுவோர் எழுதவும் வேண்டும் என்பதற்கு அந்நூல் எடுத்துக்காட்டாகும்.

அரசர்களின் கத்திக்கே இந்நிலை எனின், எளிய மக்களின் கத்திக்கு என் சொல்வது! நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் விடியலில் எடுத்துச் சென்ற பால்மரம் வெட்டும் கத்திகள் இன்றும் சில வீடுகளில் துருவேறிக் கிடக்கின்றன. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. அங்கு வாழ்ந்தோர் சிதறிப் போயினர். அக்கத்திகளைப் பள்ளியில் திரட்டி வைப்பது நன்று. ஆயின், பெயரில்லாக் கத்தி ஐம்பது இருப்பினும் நம் மாணவர்க்கு அவை வெறும் இரும்பே. இக்கத்தியைப் பிடித்தவர் இன்னார், இத்தோட்டத்தில், இத்தனை ஆண்டு வெட்டினார் என்று மாணவர் தம் கையால் எழுதட்டும். சொல்லக்கூடிய பாட்டி இன்னும் இருக்கிறார். அவர் உள்ளபோதே கேட்டு எழுதுவது ஆசிரியராகிய நம் கடமையாகும்.