"வயசாயிடுச்சுங்க, இனி எதுக்குங்க சர்டிபிகேட்டு?"

ராசிபுரம் பக்கமிருந்து வந்த மகன் என்னிடம் கேட்டார்.

பக்கவாதத்தில் அவர் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது.

நண்பர்களே, இந்தக் கேள்வியை அரசாங்கமே பல வருடம் கேட்டிருக்கிறது.

1962 ஏப்ரல் 1. காமராஜர் ஆட்சியில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். 65 வயதானவர்களுக்கு 75 ரூபாய்.

2009இல் கடும் ஊனமுள்ள ஏழைகளுக்கு மத்திய ஓய்வூதியம் வந்தது. ஆனால் வயது வரம்பு 18 முதல் 64.

அதாவது 65 ஆனதும் நீங்க மாற்றுத்திறனாளி கணக்கில் இல்லை, வெறும் முதியவர்!

2012இல் வரம்பு 79 ஆனது. 80இல் மறுபடியும் அதே கதை.

வயசு ஏறினா விழுந்த கால் எழுந்துடுமா?

2016 சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றது. பார்க்கின்சனும் அதில் உண்டு. மேல் வயது வரம்பு கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மற்றவர்களுக்கானதைவிட குறைந்தது 25% கூடுதலாக இருக்கணும் என்றது.

2023இல் தமிழ்நாட்டில் முதியோருக்கு 1200 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 1500 ரூபாய் என்றானது. கணக்குப் போடுங்க, சரியா 25%.

அந்த அம்மாவின் மகனிடம் இதைத்தான் சொன்னேன்.

உங்க வீட்டிலும் நடக்க முடியாத, காது கேட்காத, கண் தெரியாத பெரியவங்க இருக்காங்களா?

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஊனத்தின் அளவை மதிப்பிடச் சொல்லுங்க. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், என்னென்ன உதவி கிடைக்கும் என்று கேளுங்க.

"வயசாச்சு" என்று நாமே விட்டுட்டா, சட்டம் தந்ததும் கைக்கு வராது.