ஆட்கொணர்வு என்னும் சொல்

உரோமப் பேரரசு வீழ்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தபின்னும் அதன் மொழியாகிய இலத்தீன் நீதிமன்றங்களை விட்டு நீங்கவில்லை. ‘ஆடி ஆல்தெரம் பார்த்தெம்’ என்பது ஒரு தொடர். மறுதரப்பையும் கேள் என்பது அதன் பொருள். ‘ஊபி யூஸ், ஈபி ரெமேதியும்’ என்பது இன்னொன்று; உரிமை எங்குண்டோ அங்கே பரிகாரமும் உண்டு என்பது அதன் கருத்து. ஆங்கிலேயர் இவற்றைத் தம் மொழியிற் பெயர்த்துப் பொருள் கூறினரேனும், மூலத் தொடர்களைக் கைவிட்டாரல்லர். இவற்றுள் வன்னி மக்கள் வாழ்விலே ஆழப் புகுந்த தொடர் ஒன்றுண்டு. ‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’ என்பதே அது.

‘ஹேபியஸ்’ என்பது முன்னிலை ஒருமை வினை; ‘கோர்ப்பஸ்’ என்பது உடல். ‘நீ உடலைக் கொண்டிருப்பாயாக’ என்பது நேர்ப்பொருள். ஆங்கிலேயரும் அவ்வாறே சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவனை நோக்கி, அவரை நீதிபதியின் முன் நிறுத்தி, பிடித்த காரணத்தையும் கூறுக என்று அரசனின் பெயரால் இடப்படும் கட்டளை அது.

இக்கட்டளை வலிமை பெற்ற வரலாறு நெடியது. 1627 ஆம் ஆண்டில், கட்டாயக் கடன் கொடுக்க மறுத்த ஐந்து பிரபுக்களை முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிறையிட்டான். காரணம் வினவப்பட்டபோது, ‘அரசனின் தனிக்கட்டளை’ என்பதே விடையாக வந்தது. நீதிபதிகள் அவ்விடையை ஏற்றுப் பிரபுக்களை விடுவிக்க மறுத்தனர். அதனால் எழுந்த கொதிப்பின் பயனாக, மறு ஆண்டிலே உரிமை விண்ணப்பம் பிறந்தது. பின்னர் 1679 ஆம் ஆண்டுச் சட்டம் காலத்தையும் வரையறுத்தது. சிறை இருபது மைல் தொலைவுக்குள் இருப்பின் மூன்று நாளிலும், நூறு மைல் தொலைவுக்குள் இருப்பின் பத்து நாளிலும், அதற்கும் அப்பாலாயின் இருபது நாளிலும் ஆளைக் கொண்டுவருதல் வேண்டும். குதிரையிலும் வண்டியிலும் பயணஞ் செய்த காலத்தில் விதிக்கப்பட்ட தவணை இஃது என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

இலங்கையின் உயர் நீதிமன்றுக்கு இவ்வதிகாரத்தை 1833 ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் அளித்தது. 1937 இலே பிரேஸ்கேர்டில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞரை நாடு கடத்தத் தேசாதிபதி ஆணையிட்டபோது, உயர் நீதிமன்று இதே வழியால் அவரை விடுவித்தது. தேசாதிபதியாயினும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாண மேல் நீதிமன்றங்களும் இவ்வதிகாரம் பெற்றன. இவ்வாறே அத்தொடர் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது.

தமிழிலே அது ‘ஆட்கொணர்வு எழுத்தாணை’ எனப் பெயர் பெற்றது. இம்மொழிபெயர்ப்பு ஆராயத்தக்கது. மூலத்திலுள்ள ‘உடல்’ தமிழிலே ‘ஆள்’ ஆயிற்று. உடல் என்பது உயிர் நீங்கியதையுங் குறிக்கும்; ஆள் என்பதோ பேரும் உறவும் உடைய மனிதரைக் குறிக்கும். அவ்வகையில் தமிழ்ச்சொல் மூலத்தினுஞ் சிறந்தது எனலாம். ஆனால் ‘நீ’ என்னும் முன்னிலை மறைந்துவிட்டது. ‘கொணர்வு’ என்பது தொழிற்பெயர். கொணர வேண்டியவர் யாவர் என்பதை அது சுட்டாது.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற வேளை, முல்லைத்தீவுப் பகுதியிலே படையினரிடம் சரணடைந்தோரைத் தேடி, அவர்தம் குடும்பத்தினர் சிலர் 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றிலே ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். விசாரணை முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றிலே நடைபெற்றது. தவணைகள் பல கழிந்தன. சரணடைந்த கணவரைத் தேடி மனைவி ஒருவர் தொடுத்த மனுவிலே, அவரை மன்றின் முன் நிறுத்துமாறு இராணுவத்துக்கு மேல் நீதிமன்று 2022 டிசெம்பரிலே கட்டளையிட்டது. தமிழ்ச்சொல்லிலே மறைந்திருந்த ‘நீ’ அத்தீர்ப்பிலே மீண்டும் ஒலித்தது. இங்கிலாந்திலே இருபது நாளைப் பெருந்தவணையாகக் கொண்ட ஆணை, வன்னியிலே கட்டளையாவதற்கு ஒன்பது ஆண்டுகள் எடுத்தது. கட்டளைக்குப் பின்னரும் ஆள் வந்து சேரவில்லை.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள், கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டமொன்றைத் தொடங்கினர். அடுத்த சில நாள்களில் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தனர். பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்தி இருந்த அத்தாய்மாருட் பலர், விடை காணாமலே மறைந்தும் போயினர். இறப்புச் சான்றிதழைப் பெற மறுத்த குடும்பங்கள் பல. அவர்கள் இலத்தீன் கற்றாரல்லர், சட்டமும் பயின்றாரல்லர். ஆயினும் உடலுக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களினும் தெளிவாக உணர்ந்தவர் எவருமிலர்.

முதுமொழிகளைப் பெயர்ப்பது புலவர் தொழில். அவற்றை மெய்யாக்குவது அரசின் கடன். ‘உரிமை எங்குண்டோ அங்கே பரிகாரமும் உண்டு’ என்னும் தொடரைப் பிழையின்றிப் பெயர்த்துவிட்டோம். அது வெறுஞ் சொல்லன்று என்பதை, திரும்பி வரும் ஓர் ஆளோ, வராமைக்குக் கூறப்படும் ஓர் உண்மையோதான் மெய்ப்பிக்க வல்லது.