நாளுக்கொரு வசனம்: ஹெர்ன்ஹூட்டில் பிறந்த வழக்கம்

ஜனவரி 6ஆம் தேதி, கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து குழந்தை இயேசுவைப் பணிந்ததை நினைவுகூரும் நாளோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. நட்சத்திர விளக்குகள் இறங்குகின்றன, பாடகர் குழு ஓய்கிறது, ஆலயத்தில் கூட்டம் குறைகிறது. அதன்பின் லெந்து காலம் வரும்வரை விசேஷமில்லாத வாரங்கள். அந்த வாரங்களில் வீட்டுக்குள் பக்தி வற்றாமல் இருக்க வழி தேடியவர்கள் எல்லா நூற்றாண்டுகளிலும் உண்டு. புராட்டஸ்டண்டு திருச்சபைகளில் அதற்குக் கிடைத்த வழிகளில் நீண்ட ஆயுள் கொண்டது, ஜெர்மனியின் கிழக்கு மூலையிலுள்ள ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் தொடங்கிய ‘லோசுங்’ வழக்கம். நாளுக்கு ஒரு வேதவசனம் என்பதே அது.

ஹெர்ன்ஹூட் 1722இல் உருவானது. மொரேவியாவில் கத்தோலிக்க அரசின் நெருக்கடிக்குத் தப்பி வந்த குடும்பங்களுக்கு, சாக்சனி நாட்டுப் பிரபு நிக்கோலஸ் லுட்விக் ஃபொன் ஜின்சென்டார்ஃப் தம் பண்ணை நிலத்தில் இடம் கொடுத்தார். தச்சுத்தொழிலாளியான கிறிஸ்டியன் டேவிட் அங்கே முதல் மரத்தை வெட்டினார். பின்னர் பல ஊர்களிலிருந்தும் பல கொள்கைக்காரர்கள் வந்து சேர்ந்ததில், சில ஆண்டுகளுக்குள் ஊர் சண்டையில் பிளந்து நின்றது. 1727இல் ஊர் ஒழுங்குகள் எழுதப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் எதிரெதிராக நின்றவர்கள் ஒப்புரவானார்கள். இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியது மணிநேர ஜெபம். ஆணும் பெண்ணுமாகப் பலர் இரவு பகல் 24 மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு ஜெபித்தார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடவில்லை. ஆனாலும் அதில் முறை ஏற்றவர்கள் ஊரில் ஒரு பகுதியினர்தான். வீட்டில் இருப்பவர் எல்லோரையும் எட்டிய வழக்கம் அடுத்த ஆண்டில்தான் வந்தது.

1728 மே 3ஆம் தேதி மாலைப் பாட்டுக் கூட்டத்தில் ஜின்சென்டார்ஃப் மறுநாளைக்கென்று ஒரு சிறு வாசகத்தைச் சபைக்குக் கொடுத்தார். மறுநாள் காலை அது வாய்மொழியாகவே ஊரைச் சுற்றியது. அப்போது ஹெர்ன்ஹூட்டில் 32 வீடுகள். இதற்கென்று முறை ஏற்றவர் ஒவ்வொரு கதவையும் தட்டி அன்றைய வாசகத்தைச் சொல்வார். வீட்டார் நலம் கேட்பார். யார் படுக்கையில் கிடக்கிறார், யாருக்குள் மனத்தாங்கல் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். மாலையில் அது மூப்பர்களின் காதுக்குப் போகும். வசனத்துக்கும் விசாரிப்புக்கும் இதில் சம பங்கு. ஊர்க் கண்காணிப்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்று சொன்னால் தவறாகாது. அண்மையில்தான் சண்டை தீர்ந்த ஓர் ஊருக்கு அது தேவையாகவும் பட்டிருக்கும்.

1731ஆம் ஆண்டுக்கான வாசகங்கள் முன்கூட்டியே புத்தகமாக அச்சாயின. அதன்பின் ஓர் ஆண்டும் விடாமல் லோசுங் புத்தகம் வெளிவந்துகொண்டிருக்கிறது. அச்சு வந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. வசனம் ஊர் எல்லையைத் தாண்டியது. கதவைத் தட்டுகிறவர் தேவையில்லாமல் போனார். இந்த யோசனை முழுக்க ஹெர்ன்ஹூட்டாருக்கே சொந்தம் என்றும் சொல்ல முடியாது. ஜின்சென்டார்ஃப் படித்த ஹாலே நகரத்தின் பக்தி மரபைச் சேர்ந்த போகாட்ஸ்கி, நாள்தோறும் தியானிக்க வசனங்களைத் தொகுத்து 1718இலேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் அது ஒரே புத்தகம். எந்த ஆண்டிலும் அதே பக்கங்கள்தான். ஹெர்ன்ஹூட் புத்தகமோ ஆண்டுதோறும் புதிது. அதன் வாசகர் அனைவருக்கும் ஒரே நாளில் ஒரே வசனம்.

இன்றைய முறையில் பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்தெடுத்த 1,800க்கும் மேற்பட்ட வசனங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. ஹெர்ன்ஹூட்டில் கூடும் சிறு குழு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு எடுத்து, எண்ணைச் சரிபார்த்துப் பதிவுசெய்கிறது. மொழிபெயர்க்கவும் அச்சிடவும் நேரம் வேண்டும் என்பதால் இது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டு வசனத்துக்குச் சீட்டு இல்லை. விழுந்த வசனத்துக்குப் பொருத்தமானதை மனிதர்கள் தேடி எடுக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பாட்டின் அடியோ சிறு ஜெபமோ சேர்கிறது. இந்த மூன்றையும் படிக்க இரண்டு நிமிடம் போதும். பக்கத்தில் எழுத வெற்றிடம் விட்ட பதிப்பும் உண்டு. பலருக்கு அதுவே நாட்குறிப்பு.

சீட்டு எடுப்பது குறிபார்ப்பது போலாகாதா என்ற கண்டனம் வராமல் இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்போஸ்தலர் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டதை, மொரேவியர் என்று அழைக்கப்பட்ட ஹெர்ன்ஹூட்டார் எடுத்துக்காட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் பதவி நியமனம், திருமணம் ஆகியவற்றைக்கூட அவர்கள் சீட்டுக்கு விட்டதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கங்கள் கைவிடப்பட்டன. வசனச் சீட்டு மட்டும் தங்கியது. எந்த வசனமும் தனக்குப் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை என்ற பயிற்சி அதில் அடங்கியிருந்ததே காரணமாக இருக்கலாம்.

1732இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் 1733இல் கிரீன்லாந்துக்கும் மொரேவிய ஊழியர்கள் புறப்பட்டார்கள். வழக்கமும் கூடவே பயணப்பட்டது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் புத்தகம் வெளிவருகிறது. வாசகர்களும் பலதரப்பட்டவர்கள். ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க் தம் பிரதிகளின் பக்கங்களில் குறிப்புகள் எழுதி வைத்தார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட போதகர் டீட்ரிச் போன்ஹோஃபரும் நாள்தோறும் லோசுங் படித்தவர். அதே ஆண்டு மே மாதம், போர் முடிகிற வேளையில், ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதி எரிந்தது, ஆலயமும் தப்பவில்லை. ஆலயம் மீண்டும் எழுந்தது 1950களில். 2024இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தமிழ்நாட்டோடு இந்தக் கதைக்குத் தொடர்பு உண்டு. ஹாலேயில் பக்தி மரபின் தலைவர் பிராங்கேயின் பள்ளியில் சிறுவயதில் படித்த ஜின்சென்டார்ஃப், தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1706இல் அங்கு வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கின் பணியே அவருடைய மிஷனெரி ஆர்வத்துக்கு ஒரு தூண்டுகோல். 1760இல் மொரேவியர்களே தரங்கம்பாடி அருகே குடியேறினார்கள். ஹாலே மிஷனெரிகள் அவர்களை வரவேற்கவில்லை. நிக்கோபார் தீவுகளில் மொரேவியர்கள் எடுத்த முயற்சியும் காய்ச்சலில் பலரைப் பலிகொண்டு முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியிருப்பு கலைந்தது.

தமிழ்ச் சபைகளில் வேறு வடிவில் இத்தகைய வழக்கம் ஊன்றியிருக்கிறது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வசனம் அச்சிட்ட அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த வசனம் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தம். அட்டை வேதாகமத்துக்குள் போகும், அல்லது சுவரில் ஏறும். நாள்தோறும் ஒரு வசனம் தரும் தினசரிக் காலண்டர் குடும்ப ஜெபம் நடக்கும் அறையில் தொங்கும். ஹெர்ன்ஹூட்டில் சபை முழுவதற்கும் ஒரே சீட்டு, அதுவும் ஒருநாள் கணக்குக்கு. தமிழ்ச் சபையில் ஆளாளுக்கு ஒரு சீட்டு, ஓர் ஆண்டுக்கு. அதனால் அங்கே காலையில் இருவர் சந்தித்தால் பேச்சு ஒரே வசனத்தில் தொடங்க முடிகிறது. இங்கே ஜனவரி முதல் வாரம் முழுக்க, உனக்கு என்ன வசனம் வந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.