நாளுக்கு ஒரே மாத்திரை போதுமா? கார்டிசால் குறைபாடு உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள்தான் கார்டிசாலைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, காய்ச்சலைத் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் இது தேவை. காசநோய் இந்தச் சுரப்பியைத் தாக்கினாலோ, பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலோ கார்டிசால் பற்றாமல் போகலாம். அப்போது மாத்திரையாகத்தான் கொடுத்தாக வேண்டும்.

ஏன் 2, 3 வேளை?

வழக்கமான மருந்து ஹைட்ரோகார்டிசோன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம். ரத்தத்தில் இதன் அளவு சுமார் 90 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். இயல்பான உடலில் கார்டிசால் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கி, கண்விழிக்கும்போது உச்சத்தில் இருக்கும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கோ அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. காலையில் எழ முடியாமல் கிடப்பது சோம்பேறித்தனம் இல்லீங்க.

நீண்ட நேரம் வேலை செய்பவை எவை?

பிளெனட்ரென்: 2011-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி. காலையில் ஒன்று. வெளிப்பூச்சு உடனே கரையும், உள்பகுதி மெதுவாகக் கரையும்.

எஃப்மோடி: 2021-ல் அங்கேயே அனுமதி. பிறவி அட்ரீனல் குறைபாடு உள்ள, 12 வயதைத் தாண்டியவர்களுக்கு. இரவில் போட்டால் விடியற்காலையில் வேலை செய்யும்.

ப்ரெட்னிசோலோன்: பழைய, விலை குறைந்த மாத்திரை. 3 முதல் 5 மில்லிகிராம் போதும். ஆனால் இயற்கையான ஏற்ற இறக்கம் இதில் வராது.

பலன் எவ்வளவு?

பிளெனட்ரென் பற்றி 64 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத்தில் எடை சராசரியாக 0.7 கிலோ குறைந்தது; ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க: அதே டோஸில் உடலுக்குக் கிடைத்த கார்டிசால் சுமார் 20% குறைவு. பலனில் ஒரு பங்கு அதனாலும் வந்திருக்கலாம்.

எது மாறாது?

காய்ச்சல் வந்தால் இயல்பான உடல் கார்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும். எந்த மாத்திரைக்கும் அது தெரியாது. எனவே,

• காய்ச்சல் நாட்களில் டோஸை எவ்வளவு கூட்டணும் என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக 2 அல்லது 3 மடங்கு.
• வாந்தி நிற்காவிட்டால் எந்த மாத்திரையும் உதவாது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகணும்.
• மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.
• நோய் விவரம் எழுதிய அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.
• நல்லா இருக்கோமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.