கைகளாற் பேசிய செனட்டர்

1990ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி அமெரிக்கச் செனட் சபையிலே நடந்ததொரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அயோவா மாநிலத்தின் செனட்டர் டொம் ஹார்க்கின் எழுந்து நின்று, தமது உரையின் ஒரு பகுதியைச் செவிப்புலனற்றோரின் சைகை மொழியிலே நிகழ்த்தினார். சபையிலிருந்தவர்களிற் பெரும்பாலானோருக்கு அந்த மொழி விளங்கியிராது. அவருக்கு அது பொருட்டன்று. அவர் பேசியது தம் தமையன் பிராங்க் விளங்கிக்கொள்வதற்காக.

பிராங்க் சிறு வயதிலே மூளைச்சவ்வுக் காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தவர். வீட்டிலிருந்து வெகுதூரத்திலே, கவுன்சில் பிளப்ஸ் என்னும் ஊரிலிருந்த செவிடர் பாடசாலைக்கு அவரை அனுப்பினார்கள். வளர்ந்ததும் அங்கே அவருக்கு மூன்று தொழில்களைக் காட்டினார்கள்: பேக்கரி வேலை, சப்பாத்துத் தொழில், அச்சகத்தில் உதவியாள் வேலை. மூன்றிலும் தமக்கு விருப்பமில்லை என்றார் அவர். அப்படியானால் பேக்கரிக்காரனாய் இரு என்று முடிவாயிற்று. இந்தக் கதையை ஹார்க்கின் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

இதை வாசித்தபோது எனக்கு வேறொருவர் நினைவுக்கு வந்தார். என் முதற் சிறுகதையை அச்சுக்கோத்தவர் காது கேளாத ஒருவர். என் கையெழுத்திலிருந்த எழுத்துப் பிழையை விரலால் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். அச்சகத்தின் இரைச்சல் அவருக்குத் தொந்தரவில்லை என்று நாங்கள் வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு. அந்தத் தொழிலை அவரே விரும்பி எடுத்தாரா, யாரும் எடுத்துக் கொடுத்தார்களா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவருடைய மொழியும் எனக்குத் தெரியாது.

ஹார்க்கின் 1939இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தாயார் ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவர். மகனுக்குப் பத்து வயதாகும்போதே காலமாகிவிட்டார். கடற்படை விமானியாயிருந்து, பின்னர் சட்டம் பயின்று, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யும் சட்டத்தரணியானார். அதற்கு முன் நடந்த ஒன்றை விட்டுவிட மனமில்லை. 1970இலே காங்கிரஸ் குழுவொன்றின் உதவியாளராக வியட்நாம் சென்றவர், கொன் சொன் தீவுச் சிறையின் ‘புலிக்கூண்டுகளை’ப் படம் பிடித்தார். விலங்கிட்டுக் கிடந்து கால்கள் செயலிழந்து, எழுந்து நிற்கவும் இயலாத கைதிகள் அங்கிருந்தார்கள். படங்களைத் தந்துவிடும்படி வந்த வற்புறுத்தலுக்கு இணங்காமல் ‘லைப்’ சஞ்சிகைக்குக் கொடுத்தார். அதன் பின்னரே 1974இற் பிரதிநிதிகள் சபைக்கும், பத்தாண்டு கழித்துச் செனட்டுக்கும் தெரிவானார்.

வலது குறைந்தோருக்கான சட்டமூலம் அவர் தொடக்கியதன்று. 1988இல் அதைச் செனட்டில் முதலிற் கொண்டுவந்த லோவெல் வைக்கர் அவ்வாண்டுத் தேர்தலிலே தோற்றுப் போனார். பொறுப்பை ஹார்க்கின் ஏற்றார். 1989 செப்டம்பரிற் செனட் அதை 76க்கு 8 என்ற வாக்குகளால் ஏற்றது. பிரதிநிதிகள் சபையிலோ இழுபட்டது. 1990 மார்ச் 12ஆம் திகதி வலது குறைந்தோர் பலர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டுக் காங்கிரஸ் மாளிகையின் படிகளிலே தவழ்ந்து ஏறினார்கள். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியொருத்தியும் இருந்தாள். நூறு உரைகள் செய்யாததை அந்தப் படிகள் செய்தன என்றே நான் நினைக்கிறேன். ஜூலை 26இல் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஒப்பமிட்டார்.

அத்தோடு கதை முடிந்ததென்று எண்ணவேண்டாம். சட்டத்தை எழுதியவர்கள் ஒன்றை நினைக்க, நீதிமன்றம் வேறொன்றாக வாசித்தது. 1999இல் வந்த வழக்கு இது: கண்பார்வை மிகக் குறைந்த இரட்டைச் சகோதரிகளை விமான நிறுவனமொன்று விமானிகளாகச் சேர்க்க மறுத்தது. காரணம், கண்ணாடியில்லாத பார்வை போதாது என்பது. உயர் நீதிமன்றமோ, கண்ணாடி போட்டால் நன்றாய்த் தெரிகிறதே, ஆகவே நீங்கள் வலது குறைந்தோரே அல்லர் என்றது. வேலைக்கு ஆகாத குறை, வழக்குக்கு ஆகாத குறையாகிவிட்டது. மருந்தெடுக்கும் வலிப்பு நோயாளரும் நீரிழிவு நோயாளரும் இந்தப் பொறியிலே அகப்பட்டார்கள். இதைத் திருத்தும் சட்டத்தை ஹார்க்கின் முன்னின்று நிறைவேற்றியது 2008இல்.

அவர் தோற்ற இடமும் உண்டு. வலது குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2012 டிசம்பர் 4ஆம் திகதி செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மறுகட்சியின் முன்னாள் தலைவர் பொப் டோல், போரிலே வலக்கை வழங்காமற் போனவர், 89 வயதிலே சக்கர நாற்காலியில் வந்து சபையில் இருந்தார். மூன்றிலிரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஆதரவாக 61, எதிராக 38. ஐந்து வாக்குகள் போதவில்லை. அந்தச் சமவாயத்தை நமது நாடு 2016இல் ஏற்புறுதி செய்தது. நமது பேருந்துகளின் படிகளை அறிந்தவர்கள் இதை அளவோடுதான் மெச்சுவார்கள்.

2014 டிசம்பர் 12ஆம் திகதி ஹார்க்கின் செனட்டிலே விடைபெறும் உரை நிகழ்த்தினார். அதன் முடிவிலே ‘அமெரிக்கா’ என்பதற்கான சைகையைச் செய்து காட்டினார்: இரு கைவிரல்களையும் ஒன்றோடொன்று கோத்து, வட்டமாக அசைப்பது. பிராங்க் அதைப் பார்க்கவில்லை. அவர் 2000ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.