இன்றைய வீரரும் நாளைய வீரரும்: பேஸ்பால் பரிமாற்றப் பேச்சின் வரலாறு

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கு ஆட்டம் இல்லாத மாதங்களிலும் விளையாட்டு ஓய்வதில்லை. இலையுதிர் காலத்தில் வேர்ல்ட் சீரிஸ் முடிந்து, பிப்ரவரியில் பயிற்சி முகாம்கள் திறக்கும் வரை, எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கும் என்ற பேச்சு ஊரெங்கும் நடக்கும். பனிக்காலத்தில் சிற்றூர்க் கடைகளின் இரும்பு அடுப்பைச் சுற்றி அமர்ந்து பேசியதால் இதற்கு ‘ஹாட் ஸ்டோவ் லீக்’ என்ற பெயர் வந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் இந்தப் பேச்சின் மையத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும். கீழ்நிலை லீக்கில் வளர்ந்துவரும் இருபது வயது இளைஞரைக் கொடுத்து, பெரிய லீக்கில் பேர்பெற்ற வீரரை வாங்கலாமா? அந்த இளைஞர்களை ‘ப்ராஸ்பெக்ட்’ என்று அழைக்கிறார்கள். அவர்களின் விலையை ஆட்டத்திறன் மட்டும் தீர்மானித்ததில்லை. வீரர்களின் உழைப்பு எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானித்தது. விதிகள் மாறிய ஒவ்வொரு முறையும் ரசிகர்களின் கணக்கும் மாறியது.

வீரரைப் பொருள்போல் கைமாற்றும் உரிமை 1879-இல் வேரூன்றியது. அந்த ஆண்டு நேஷனல் லீக் உரிமையாளர்கள், அணிக்கு ஐந்து வீரர்களைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்வதாகவும், அவர்களை வேறு அணி தொடுவதில்லை என்றும் தமக்குள் உடன்பட்டார்கள். சில ஆண்டுகளில் இந்தக் கட்டு ஏறத்தாழ எல்லா வீரர்களையும் பிடித்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே உரியவர். அணி அவரை விற்கலாம், மாற்றலாம், அவருடைய சம்மதம் தேவையில்லை. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் தொழில் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு உட்படாது என்று தீர்ப்பளித்தபோது இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் நிழலும் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டின் தொடக்க காலத்திலேயே, பின்னாளில் எல்லோரும் உதாரணம் காட்டும் பரிமாற்றம் ஒன்று நடந்துவிட்டது. 1900 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி, நியூயார்க் ஜயன்ட்ஸின் ஏமஸ் ரூசி என்ற பிட்சரை வாங்கியது. ரூசி 240-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வென்ற அசுர வேகப் பந்தாளர். அதற்கு முந்தைய இரண்டு சீசன்கள் அவர் ஆடவே இல்லை. அவருக்கு ஈடாகப் போனவர், பெரிய லீக்கில் ஒரு வெற்றிகூடக் காணாத இருபது வயது கிறிஸ்டி மாத்யூசன். ரூசி சின்சினாட்டிக்காக மூன்றே ஆட்டங்களில் பந்தெறிந்து, ஒன்றிலும் வெல்லாமல் ஓய்ந்தார். மாத்யூசன் 373 வெற்றிகளோடு விளையாட்டின் மாபெரும் பிட்சர்களில் ஒருவரானார். அப்போதைய சின்சினாட்டி உரிமையாளர் ஜான் பிரஷ் சில ஆண்டுகளில் ஜயன்ட்ஸ் அணியையே வாங்கியதால், இந்தப் பரிமாற்றத்தின் மீதான சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

ஆனாலும் மாத்யூசன் காலத்தில் ‘எங்கள் அணியின் இளம் வீரர்கள்’ என்று ரசிகர் சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. கீழ்நிலை லீக்குகளின் அணிகள் தனித்து இயங்கின. அவை வீரர்களை வளர்த்து, பணம் வாங்கிக்கொண்டு மேலே விற்றன. இதை மாற்றியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு ஏலம் கேட்க வழியில்லாத ரிக்கி, 1919-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபோர்ட் ஸ்மித், ஹூஸ்டன், சிரகியூஸ் போன்ற ஊர்களின் அணிகளில் பங்கு வாங்கினார். பையன்களை மொத்தமாகச் சேர்த்து, படிப்படியாக ஏற்றி, தானே விளைவித்துக்கொண்டார். 1930-களின் இறுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் அவர் பிடியில் இருந்தன. தேவைக்கு மிஞ்சி விளைந்ததை அவர் மற்றவர்களுக்கு விற்றார். இப்படி இளைஞர்களைக் குவித்து அடக்கி வைப்பதை பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ் வெறுத்தார். 1938-இல் கார்டினல்ஸின் டஜன்கணக்கான இளைஞர்களை அவர் கட்டிலிருந்து விடுவித்தார். ஆனாலும் ரிக்கியின் முறையை மற்ற அணிகளும் ஏற்றுக்கொண்டன. ரசிகர்களின் பேச்சும் அப்போதிருந்து அகன்றது. செயின்ட் லூயிஸ் ரசிகர், தொலைவில் ராச்செஸ்டரில் ஆடும் ஒரு பையனின் எண்களைச் செய்தித்தாளில் தேடிப் படித்து, அவனை எப்போது மேலே கொண்டுவர வேண்டும், இல்லை யாருக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று வாதிட முடிந்தது.

பேச்சுக்குக் காலக்கெடு என்ற பரபரப்பைத் தந்ததும் செயின்ட் லூயிஸின் கோபம்தான். 1922 ஜூலையில், பட்டப் போட்டி உச்சத்தில் இருந்தபோது, நியூயார்க் யாங்கீஸ் அணி பாஸ்டனிடமிருந்து ஜோ டூகனை வாங்கி அணியைப் பலப்படுத்தியது. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அந்த ஆண்டு ஒரே ஒரு ஆட்டத்தில் பட்டத்தைக் கோட்டைவிட்டது. பணம் உள்ளவன் நடுவழியில் வெற்றியை வாங்கிவிடுகிறான் என்ற குரல் எழுந்தது. விளைவாக 1923 முதல், ஜூன் 15-க்குப் பிறகு தாராளமாகப் பரிமாற முடியாது என்ற விதி வந்தது. 1986-இல் அந்த நாள் ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. அதற்குப் பின்னும் ஆகஸ்டில் ஒரு சுற்றுவழி திறந்திருந்தது; மற்ற அணிகள் உரிமை கோராமல் விட்ட வீரரை மாற்றலாம். 2019-இல் அதுவும் மூடப்பட்டது.

பழைய ஜூன் 15-இன் புகழ்பெற்ற கதை 1964-இல் நடந்தது. சிகாகோ கப்ஸ், முந்தைய ஆண்டு 18 ஆட்டங்கள் வென்ற பிட்சர் எர்னி பிராக்லியோவை வாங்கி, வேகம் மட்டுமே தெளிவாகத் தெரிந்த, மட்டை இன்னும் சரியாகப் பேசாத லூ பிராக்கைக் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. பிராக்லியோவின் கை பழுதுபட்டது. கப்ஸுக்காக மொத்தம் ஏழே வெற்றிகள். பிராக் அதே ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் வென்றார். 938 பேஸ்களைத் திருடி ஓய்வு பெற்றார். பிறகு 1971 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ், ஜிம் ஃப்ரிகோசிக்காக நோலன் ரயனோடு மேலும் மூன்று இளைஞர்களைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. ஃப்ரிகோசி இரண்டாம் சீசன் முடியும் முன்பே விற்கப்பட்டார். ரயன் மறு ஆண்டே 329 ஸ்டிரைக் அவுட் எடுத்தார். இறுதிக் கணக்கு 5,714.

இந்த நாட்கள் வரை இளைஞரும் மூத்தவரும் ஒரு விஷயத்தில் சமம். இருவரும் அணியின் நிரந்தர உடைமை. அந்தச் சமம் குலைந்த கதைதான் இன்றைய ப்ராஸ்பெக்ட் பேச்சின் உண்மையான தொடக்கம். 1969-இல் கார்டினல்ஸ் தன்னைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியதைக் கர்ட் ஃப்ளட் ஏற்க மறுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய தன்னைக் கேளாமல் விற்க முடியும் என்பதை அந்தக் கறுப்பின வீரர் மனித கண்ணியத்தின் கேள்வியாகவே பார்த்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்திருந்தது. ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரின் வழக்கில், ஒப்பந்தம் முடிந்து மேலும் ஓராண்டு கையெழுத்திடாமல் ஆடியவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு அணிகளும் வீரர் சங்கமும் செய்த உடன்பாட்டில், பெரிய லீக்கில் ஆறு ஆண்டுகள் ஆடியவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம் என்று முடிவானது.

ஆறு ஆண்டு என்ற அந்த ஒற்றை எண் எல்லாவற்றின் விலையையும் மாற்றியது. புதிதாக வரும் வீரர் முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே ஆடுகிறார். அடுத்த மூன்றில் அவருடைய சம்பளத்தை நடுவர் மன்றம் தீர்மானிக்கலாம். அதன் பிறகுதான் சந்தை விலை. ஆகவே இன்னும் பெரிய லீக்கைத் தொடாத நல்ல இளைஞர் என்பவர், அணிக்கு ஆறு ஆண்டு மலிவான உழைப்பு. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உள்ள நட்சத்திரமோ சில மாதத்துக்கு மட்டுமே உரியவர். வசதி குறைந்த அணி அவரை இழப்பதற்கு முன்பே, ஜூலையில் இளைஞர்களுக்கு ஈடாகக் கொடுத்துவிடும். பட்டத்துக்குப் போட்டியிடும் அணி வாங்கும். ஆண்டுதோறும் கோடையில் ரசிகர்கள் தங்கள் அணி ‘வாங்கும் பக்கமா, விற்கும் பக்கமா’ என்று கேட்பது இங்கிருந்து பிறந்தது. நாள் கணக்கும் துல்லியமானது. 172 நாட்கள் பெரிய லீக் பட்டியலில் இருந்தால் ஓராண்டு. 2015-இல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்ட்டைத் தொடக்கத்தில் சில நாட்கள் கீழேயே வைத்திருந்ததால் அவர் 171 நாட்களில் நின்றார். அணிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. விதியின் எழுத்துக்கு அது பொருந்தலாம். அந்த இளைஞருக்குச் செய்த நியாயமாகாது.

இந்தப் புதிய கணக்கின் கொடை, கேடு இரண்டையும் ஒரே பரிமாற்றத்தில் காணலாம். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் பட்டப் போட்டியில் தவித்தது. அட்லாண்டாவிடமிருந்து 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்கியது. அவர் ஒன்பது ஆட்டங்களை வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசி வாரம்வரை நீண்ட போட்டியில் டொரான்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட் முந்தியது. அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. அவருக்கு ஈடாகப் போனவர், மிச்சிகனின் லான்சிங்கில் டைகர்ஸ் ரசிகராகவே வளர்ந்த இருபது வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். டபுள்-ஏ மட்டத்தில் அப்போது அவர் கணக்கு நான்கு வெற்றி, பத்துத் தோல்வி. அட்லாண்டாவில் அவர் 213 வெற்றிகளையும் 154 சேவ்களையும் எட்டும் பாதையில் கால்வைத்தார். 2015-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். டெட்ராய்ட் ஏமாந்தது என்று சொல்வது எளிது. ஆனால் அந்தச் செப்டம்பரை டெட்ராய்ட் ரசிகர்கள் உண்மையாகவே வாழ்ந்தார்கள். 1990-இல் பாஸ்டன், 22 இன்னிங்ஸ் மட்டுமே பந்தெறிந்துவிட்டுப் போன லாரி ஆண்டர்சனுக்காக, நியூ இங்கிலாந்து மண்ணின் மைந்தரான ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்ததற்கு இப்படி ஆறுதல் சொல்ல இடம் குறைவு. பேக்வெல் 449 ஹோம் ரன் அடித்தார்.

ரசிகர்களுக்கு இந்த இளைஞர்களைப் பற்றி முன்கூட்டியே விரிவாகத் தெரியவந்தது 1980-களில்தான். 1981-இல் கனடாவில் ஆலன் சிம்ப்சன் தொடங்கிய ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் கீழ்நிலை லீக்குகளையும் கல்லூரி ஆட்டங்களையும் விரிவாக எழுதியது. 1990 முதல் ஆண்டுதோறும் தலைசிறந்த நூறு இளம் வீரர்களின் வரிசையை அது வெளியிட்டது. முதல் பட்டியலின் முதலிடம் அட்லாண்டாவின் ஸ்டீவ் ஏவரிக்கு. அணிகளின் ஸ்கவுட்டுகள் தம் தனிக் குறிப்பேட்டில் வைத்திருந்த 20 முதல் 80 வரையிலான மதிப்பெண் முறையும் மெல்ல ரசிகர்களின் நாவுக்கு வந்தது. 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிஸரி லீக், சாதாரண ரசிகரைக் கற்பனை அணியின் உரிமையாளராக்கியது. உண்மை வீரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்களை நண்பர்களோடு பரிமாறிப் பழகியவர்கள், உண்மையான ஜெனரல் மேனேஜரின் இடத்திலிருந்தே யோசிக்கத் தொடங்கினார்கள். 1987-இல் நியூயார்க்கின் முழுநேர விளையாட்டு வானொலி வந்தபின், அந்த யோசனையை ஊர் கேட்கச் சொல்லவும் இடம் கிடைத்தது.

இந்தப் பேச்சில் ரசிகர்களின் நினைவு ஒருபக்கமாகவே சாய்கிறது. ஸ்மோல்ட்ஸும் பேக்வெல்லும் மறக்கப்படுவதில்லை. கொடுக்கப்பட்டு எதுவும் ஆகாமல் போன இளைஞர்கள் எண்ணிலடங்கார், அவர்கள் பெயர் எவருக்கும் நினைவில்லை. ‘பேஸ்பால் அமெரிக்கா’வின் 1992 பட்டியலில் முதலிடம் பெற்ற யாங்கீஸின் பிரையன் டெய்லர், கைகலப்பு ஒன்றில் தோள் காயமுற்று, பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியாமல் போனார். 2007 டிசம்பரில் டெட்ராய்ட், ஆறு வீரர்களைக் கொடுத்து மிகேல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் ஃபுளோரிடாவிடம் வாங்கியது. அந்த ஆறில் முதன்மையாக மதிக்கப்பட்ட கேமரன் மேபினும் ஆண்ட்ரூ மில்லரும் ஃபுளோரிடாவில் சோபிக்கவில்லை. கப்ரேராவோ 2012-இல், 45 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக, ‘ட்ரிபிள் க்ரௌன்’ என்னும் மும்முடியை வென்றார். 2016-இல் கப்ஸ், மூன்று மாதத்துக்கு மட்டும் கிடைக்கும் அரோல்டிஸ் சாப்மனுக்காக கிளேபர் டோரஸைக் கொடுத்தபோது விலை அதிகம் என்றவர்கள் பலர். அந்த ஆண்டே, 1908-க்குப் பின் முதல் வேர்ல்ட் சீரிஸ் பட்டம் கப்ஸுக்கு வந்தது.

பரிமாற்றத்தின் மறுமுனையில் இருப்பவர் மனிதர் என்பதை 2015 ஜூலை 29 இரவு நியூயார்க் கண்டது. மெட்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, வில்மர் ஃப்ளோரஸ் மில்வாக்கிக்கு மாற்றப்பட்டார் என்ற செய்தி கைபேசிகளில் பரவியது. பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டி விடைகொடுத்தார்கள். பதினாறு வயதில் வெனிசுவேலாவிலிருந்து வந்து, வேறு அணியே அறியாத ஃப்ளோரஸ், மைதானத்தில் நின்றபடியே அழுதார். பேச்சுவார்த்தை முறிந்தது, அவர் போகவில்லை. இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டாம் இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார்.

இளைஞர்களை மாற்றுவது குறித்த விதிகளும் அவ்வப்போது வந்தன. 1985-இல் பீட் இன்கவிலியாவைப் புதுமுக வீரர் தேர்வில் (டிராஃப்ட்) எடுத்த மான்ட்ரியல் சில மாதங்களிலேயே டெக்சஸுக்கு மாற்றியதால், தேர்வான வீரரை ஓராண்டு மாற்றக்கூடாது என்றார்கள். 2014 டிசம்பரில் ட்ரே டர்னரை சான் டியேகோ வாஷிங்டனுக்கு மாற்றச் சம்மதித்தபோது, அந்த ஓராண்டு முடியவில்லை. மாற்றப்படப்போவது எல்லோருக்கும் தெரிந்தும் அவர் மறு ஜூன் வரை பழைய அணிக்கே ஆட வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்துக்குப் பிறகு, தேர்வான ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ் முடிந்ததும் மாற்றலாம் என்று விதி தளர்ந்தது.

அண்மைக் காலத்தின் மிகப்பெரிய இத்தகைய பரிமாற்றம், அந்த ஆண்டு மட்டும் தள்ளிப்போன காலக்கெடு நாளான 2022 ஆகஸ்ட் 2 அன்று நடந்தது. 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை மறுத்த 23 வயது ஹுவான் சோட்டோவை, ஜோஷ் பெல்லுடன் சேர்த்து, வாஷிங்டன் சான் டியேகோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் உட், ராபர்ட் ஹாசல், ஜார்லின் சுசானா ஆகியோரோடு லூக் வாய்ட்டும் வந்தார். சான் டியேகோ அந்த ஆண்டே நேஷனல் லீக் இறுதித் தொடர்வரை சென்றது. 2023 டிசம்பரில் சோட்டோவை யாங்கீஸுக்கு மாற்றியது. ஓராண்டு கழித்து ஃப்ரீ ஏஜென்ட்டாக அவர் மெட்ஸிடம் 76.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். வாஷிங்டன் பெற்றவர்களில் ஏப்ரம்ஸ், கோர், உட் மூவரும் 2025-க்குள் ஆல்-ஸ்டார் ஆனார்கள். ஆனால் 2022 முதல் 2025 வரை எந்தச் சீசனிலும் வாஷிங்டன் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை.