மின்கலம் மாறியது, பழக்கம் மாறவில்லை



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வகுப்பறை வீட்டுக்குள் நுழைந்தது. அதுவரை விளையாட்டுப் பொருளாகவே பலர் எண்ணியிருந்த தட்டைக்கணினி, இல்லிருப்புக் கற்றலின்போது பாடநூலுக்கு இணையான இடத்தைப் பெற்றது. அன்று அரும்பாடுபட்டு வாங்கிய கருவிகளும் நல்லுள்ளங்கள் நன்கொடையாக வழங்கிய கருவிகளும் இன்று பள்ளி அலமாரிகளிலும் வீட்டு இழுப்பறைகளிலும் ஒவ்வொன்றாக உயிரிழந்து வருகின்றன. “சார்ஜ் ஏறவில்லை”, “ஏறினாலும் நிற்கவில்லை”, “விடுமுறை முடிந்து எடுத்துப் பார்த்தால் திறக்கவே இல்லை” என்பன நாம் அடிக்கடி கேட்கும் குறைகள்.

இவற்றுள் பல, கருவியின் குறைகள் அல்ல. நாம் அக்கறையோடு கடைப்பிடித்த விதிகளே அவற்றுக்குக் காரணம். அந்த விதிகள் பொய்யானவையும் அல்ல. அவை வேறொரு காலத்து மின்கலத்துக்கு உரியவை. பேட்டரி என்று நாம் வழங்கும் மின்கலத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும்.

தவளைக் காலில் தொடங்கிய வாதம்

இத்தாலிய மருத்துவ அறிஞர் கல்வானி, இருவேறு உலோகங்கள் தொட்டபோது இறந்த தவளையின் கால் துடித்ததைக் கண்டு, விலங்கின் உடலில்தான் மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். அவர் நாட்டவரான அலெசாண்ட்ரோ வோல்டா அதனை மறுத்தார். மின்சாரம் தவளையிடமிருந்து வரவில்லை, இரண்டு உலோகங்களின் சேர்க்கையால் வருகிறது என்பது அவருடைய வாதம். அதனை மெய்ப்பிக்க வெள்ளித் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். 1800ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் அரசக் கழகத்துக்கு அவர் எழுதிய கடிதமே உலகின் முதல் மின்கலத்தை அறிவித்தது. அவர் பெயரால்தான் மின்னழுத்தத்தை இன்றும் வோல்ட் என்று அளக்கிறோம்.

வோல்டாவின் அடுக்கு ஒரு முறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனை மீண்டும் நிரப்ப வழியில்லை. அந்த வழியை 1859இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே கண்டார். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து அவர் உருவாக்கிய கலம், எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தினால் மீண்டும் நிரம்பியது. நமது கார்களில் உள்ள பேட்டரி அதன் வழித்தோன்றலே. இந்த ஈயக் கலத்தின் இயல்பு என்ன? அது எப்போதும் நிறைந்திருக்கவே விரும்பும். வெறுமையாக நெடுநாள் கிடந்தால் தகடுகளில் படிகம் இறுகிக் கெட்டுவிடும். ஆகவே, “பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திரு” என்பது ஈயம் நமக்குத் தந்த முதல் விதி.

டார்ச்லைட் தந்த விதி

1866இல் ஜார்ஜ் லெக்லாஞ்சே துத்தநாகம், மாங்கனீசு டைஆக்சைடு ஆகியவற்றைக் கொண்டு ஒரு கலத்தை உருவாக்கினார். அதன் நீர்மத்தைப் பசைபோல் ஆக்கி, கசியாத உலர் மின்கலமாக 1880களில் மாற்றியவர் செருமானியர் கார்ல் காஸ்னர். மின்சுற்றுப் பாடத்தில் நாம் மாணவரின் கையில் கொடுக்கும் உலர் மின்கலம் இந்த மரபில் வந்ததே.

டார்ச்லைட்டும் வானொலியும் தோட்டப்புற வீடுகளில் இருந்த காலத்தை நினைவுகூரும் பெற்றோர் பலர். ஒளி மங்கியதும் மின்கலங்களைக் கழற்றி வெயிலில் காயவைப்பது அன்றைய வழக்கம். அதில் சிறிது பயனும் இருந்தது. ஓய்வும் வெப்பமும் அந்தக் கலத்தின் வேதிவினையைச் சற்றே தூண்டியதால், இன்னும் சில நாழிகை விளக்கு எரிந்தது. “வெயில் பட்டால் பேட்டரிக்கு நல்லது” என்னும் எண்ணம் இங்கே பிறந்தது. இதே எண்ணத்தோடு தட்டைக்கணினியைச் சன்னலோரத்திலோ காரின் முகப்புப் பலகையிலோ விட்டுவைத்தால் நேரும் கேட்டினைப் பின்னர்க் காண்போம்.

நிக்கல் தந்த விதி

1899இல் சுவீடன் நாட்டின் வால்டெமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் கலத்தைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1990களின் கைப்பேசிகளில் நம்மில் பலர் கையாண்டது இவ்வகைக் கலத்தையும் அதன் உறவான நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலத்தையுமே.

நிக்கல்-காட்மியத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. ஒவ்வொரு நாளும் பாதியளவே பயன்படுத்திவிட்டு மீண்டும் மின்னேற்றினால், அந்தப் பாதியையே தன் முழு அளவு என்று அது நினைவில் கொண்டதுபோல் நடக்கும். ஆகவேதான் அதற்கு “நினைவு விளைவு” என்று பெயரிட்டனர். இதனைத் தவிர்க்க, முற்றிலும் தீரும்வரை பயன்படுத்திய பின்னரே மின்னேற்ற வேண்டும், புதிதாக வாங்கியதை முதல் முறை பல மணி நேரம் மின்னேற்ற வேண்டும் என்று கடைக்காரர்கள் அறிவுறுத்தினர். அன்று அது சரியான அறிவுரை. அந்தக் கைப்பேசிகள் மறைந்துவிட்டன. அறிவுரை மட்டும் வாய்மொழியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. “சார்ஜ் முழுசா இறங்கட்டும், அப்புறம் போடு” என்று பிள்ளையிடம் சொல்லாத வீடு குறைவு.

லித்தியம் வந்த கதை

1970களில் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது, அமெரிக்காவின் எக்சான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹம், லித்தியம் உலோகமும் டைட்டேனியம் டைசல்பைடும் கொண்ட கலத்தை உருவாக்கினார். ஆற்றல் மிகுந்த அந்தக் கலத்தில் ஓர் ஆபத்தும் இருந்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது லித்தியம் ஊசிபோல் வளர்ந்து, இடைத்திரையைத் துளைத்துத் தீப்பற்றச் செய்தது.

1980இல் ஆக்சுபோர்டில் இருந்த ஜான் குட்இனஃப், கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை 4 வோல்ட் அளவுக்கு உயர்த்தலாம் என்று காட்டினார். அதே காலக்கட்டத்தில் மொரோக்கோவில் பிறந்த இரஷீத் யசாமி, லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து மீளவும் வெளிவர முடியும் என்று நிறுவினார். இவர் பின்னாளில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார் என்பது நம் வட்டாரத்துக்குப் பெருமை. 1985இல் சப்பானின் அக்கிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிமப் பொருளைப் பயன்படுத்திப் பாதுகாப்பான கலத்தை அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹம், குட்இனஃப், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது குட்இனஃபின் அகவை 97.

இந்தப் புதிய கலம் முன்னோர் மூவரின் இயல்பையும் கொண்டதன்று. நினைவு விளைவு இதில் நாம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. ஆகவே முற்றிலும் தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை. தீர்த்து அப்படியே விட்டுவைத்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கிக் கலம் நிலையாகக் கெடும். ஈயத்தைப்போல் எப்போதும் நிறைந்திருக்கவும் இது விரும்பாது. நிறைந்த நிலையும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் நீர்மம் சிதைந்து வாயு உண்டாகும். உலர் மின்கலத்தைப்போல் வெயிலும் இதற்கு ஒவ்வாது. சுருங்கச் சொன்னால், மூன்று பழைய விதிகளும் லித்தியத்துக்குத் தீங்கானவை.

தட்டைக்கணினியும் மின்னேற்றியும்

2010இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வெளிவந்தபோது ஒரு புதிய குழப்பம் தோன்றியது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகினால் பல வேளைகளில் “மின்னேறவில்லை” என்று திரையில் காட்டியது. கருவி பழுது என்று பலர் அஞ்சினர். காரணம் எளிய கணக்கு. 2000இல் வெளிவந்த யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு துளை தரக்கூடியது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஐபேட்டின் மின்கலமோ 25 வாட்-மணி. கருவியை அணைத்து வைத்தாலும் நிரம்பக் குறைந்தது 10 மணி நேரம் வேண்டும். திரை எரிந்துகொண்டிருந்தால் வரவைவிடச் செலவு மிகும். அதனுடன் வழங்கப்பட்ட மின்னேற்றியின் ஆற்றல் 10 வாட். கைப்பேசிக்குரிய சிறிய மின்னேற்றியைத் தட்டைக்கணினிக்குப் பொருத்தி, “ஏறவே இல்லை” என்று வருந்துவோர் இன்றும் உள்ளனர். மின்னேற்றியின் மீது பொறித்துள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைப் பெருக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

குறையை அறியும் முறை

கருவி மின்னேறவில்லை என்றால் வெளியிலிருந்து உள்நோக்கிச் சோதிக்க வேண்டும். செலவில்லாத சோதனை முதலில் வரட்டும்.

1. சுவர்ச் செருகியில் வேறொரு கருவியைப் பொருத்தி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

2. கம்பியை மாற்றிப் பாருங்கள். மடிந்து நைந்த கம்பியே பெரும்பாலான குறைகளுக்குக் காரணம். இன்றைய மின்னேற்றியும் கருவியும் கம்பி வழியே பேசிக்கொண்டே ஆற்றலை முடிவு செய்கின்றன. கம்பி சரியில்லை என்றால் குறைந்த ஆற்றலோடு நின்றுவிடும்.

3. கருவியின் துளையை விளக்கொளியில் பாருங்கள். புத்தகப்பையின் தூசியும் பஞ்சும் அங்கே அடைந்திருக்கும். கருவியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெல்ல நீக்கலாம். ஊசி, குண்டூசி முதலிய உலோகங்கள் கூடா.

4. நெடுநாள் தீர்ந்து கிடந்த கருவி உடனே திறக்காது. பாதுகாப்புச் சுற்று முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே உள்ளே விடும். உரிய மின்னேற்றியில் பொருத்தி ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள். பிறகு, அந்தக் கருவிக்குரிய கையேடு சொல்லும் முறைப்படி பொத்தான்களை அழுத்திப் பிடித்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

5. 80 விழுக்காட்டுக்குப் பின் மெதுவாக ஏறுவது குறையன்று. கலம் தன் உச்ச மின்னழுத்தத்தை நெருங்கும்போது மின்னோட்டத்தைக் குறைப்பது அதன் பாதுகாப்புமுறை.

6. 30 விழுக்காடு காட்டிய கருவி திடீரென அணைந்தால், அந்த எண் ஒரு மதிப்பீடே என்பதை நினைவில் கொள்க. பல நூறு முறை மின்னேற்றிய கலம் முதுமையடையும். அப்போது மதிப்பீடும் பிழைபடும். எப்போதோ ஒரு முறை முழுமையாக இறக்கி ஏற்றினால் எண் சீராகலாம். ஆனால் இழந்த கொள்ளளவு திரும்பாது. கலத்தை மாற்றுவதே தீர்வு.

வீங்கிய கலம்: விளையாட்டன்று

திரை ஓரத்தில் மேலெழும்பினாலோ, கருவி மேசைமேல் சமமாக அமராமல் ஆடினாலோ, உள்ளே கலம் வீங்கியிருக்கக்கூடும். 2006இல் சோனி தயாரித்த மடிக்கணினிக் கலங்களால் டெல் நிறுவனம் மட்டுமே 41 இலட்சம் கலங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2016இல் சாம்சுங் கேலக்சி நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றியதால் விற்பனையே நிறுத்தப்பட்டது. தேர்ந்த தொழிற்சாலையிலும் நேரக்கூடிய ஆபத்து இது. ஆகவே வீங்கிய கருவியை மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், திறக்காதீர்கள். அணைத்து, எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி, மாணவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பு நிலையத்தில் நேரில் ஒப்படையுங்கள். வாங்கிய விலையை எண்ணி, “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்” என்று பிள்ளையின் தலையணைக்கு அருகில் அதனை மின்னேற்றுவது பெரும் பிழை.

விடுமுறைக்கு முன்

பள்ளிக் கருவிகளைப் பொறுத்தவரை நீண்ட விடுமுறையே பெரும் சோதனை. அலமாரியைப் பூட்டுமுன் நான்கு செயல்களைச் செய்யலாம்.

- ஒவ்வொரு கருவியையும் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் நிறுத்தி, முழுமையாக அணையுங்கள். உறக்க நிலை போதாது.
- வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பல கருவிகளுக்குப் பயன்பாட்டுச் சூழலின் உச்ச வெப்பநிலையாக 35 பாகை செல்சியசைத் தயாரிப்பாளர் குறிப்பிடுகின்றனர். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் அதனை எளிதில் கடந்துவிடும்.
- கருவியின் எண், நாள், விழுக்காடு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். எந்தக் கருவி விரைந்து இறங்குகிறது என்பது அதிலேயே தெரியும்.
- மாதம் ஒரு முறை யாரேனும் ஒருவர் எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் 50க்கு ஏற்றட்டும்.

வீட்டில் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை. 20க்குக் கீழே இறங்குமுன் மின்னேற்றி, மெத்தைமீதோ போர்வைக்குள்ளோ வைத்து மின்னேற்றாமல் இருந்தாலே போதும்.

நிறைவாக ஒரு கருத்து. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒரு விதியைத் தள்ளவும் வேண்டா, அதற்காகவே பற்றிக்கொள்ளவும் வேண்டா. அது எந்தப் பொருளுக்காக, எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்போம். வரலாற்றுப் பாடத்தின் பயனும் அறிவியல் பாடத்தின் பயனும் அந்தக் கேள்வியில் ஒன்றுசேர்கின்றன. ஒரு தட்டைக்கணினி கூடுதலாக ஈராண்டு உழைத்தால், சொந்தக் கருவி இல்லாத ஒரு மாணவனுக்கு அது ஈராண்டுக் கல்வி.